பழஞ்சோறு எப்படிப் பசி தாங்குகிறது?

[காட்சி: கிளிநொச்சி. விடியற்காலை. அடுப்படியில் மூடி வைத்த மண்சட்டி.]

இரவு மிஞ்சிய குத்தரிசிச் சோறு. தண்ணீர் ஊற்றி வைத்தது. காலையில் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, கொஞ்சம் தயிர். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலுக்கு இதைக் குடித்துவிட்டுப் போனால், மத்தியானம் வரைக்கும் அப்பாவுக்குப் பசிக்காது. "பழஞ்சோறு வயித்தில நிக்கும் பிள்ளை" என்பார் அம்மம்மா.

நிற்பது எது?

[காட்சி: இரண்டு விரல்களுக்கு இடையில் ஒரு சோற்றுப் பருக்கை.]

சுடுசோற்றை நசுக்கினால் குழைந்து ஒட்டும். ஆறிய சோறு கொஞ்சம் விறைப்பாக, மணி மணியாக உடையும். வேகும்போது தண்ணீர் குடித்து அவிழ்ந்த மாப்பொருளின் இழைகள், ஆறும்போது மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அந்த நெருக்கத்துக்குள் சிறுகுடலின் நொதியங்களால் நுழைய முடியாது. இதுதான் சமிபாட்டை எதிர்க்கும் மாப்பொருள். நெல்லை அவித்துக் காயவைக்கும்போதே இது ஒருமுறை நடந்துவிடுகிறது.

அது பெருங்குடல் வரை போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறிய கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல் சுவரைத் தூண்ட, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஓமோன்கள் சுரக்கின்றன. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் பலன் தெரிவது அடுத்த சாப்பாட்டில்தான்.

2010இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில் 20 இளம் ஆண்களுக்கு ஒரே நாளில் இந்த மாப்பொருள் 48 கிராம் கொடுத்தார்கள். பசி எப்படி என்று கேட்டால், வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று அவர்கள் சாப்பிட்ட அளவு குறைந்திருந்தது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மனதுக்குத் தெரியாமலே கை நின்றுவிடுகிறது.

சரி, அந்த 48 கிராம் நம் சட்டியில் இருக்கிறதா? இல்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வெள்ளை அரிசிச் சோற்றில் இந்த மாப்பொருளை அளந்து பார்த்தார்கள். 100 கிராம் சுடுசோற்றில் 0.64 கிராம். 24 மணி நேரம் குளிரூட்டி மறுபடி சூடாக்கினால் 1.65 கிராம். அப்படியானால் 48 கிராமுக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ சோறு வேண்டும். ஆகவே பழஞ்சோறு பசி தாங்குவதில் தவிட்டின் நாருக்கும், வயிற்றை நிரப்பும் தண்ணீருக்கும் பங்குண்டு. எல்லாவற்றையும் ஆறிய மாப்பொருளின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

[காட்சி: தேங்காய்ப்பூ தூவிய அவித்த கௌபி.]

என்னைக் கேட்டால், கௌபிதான் இன்னும் நல்லது. அதன் மாப்பொருள் தடித்த கலச்சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கூடவே புரதமும் நாரும். நம் மேட்டுக்காணியில் விளைவது, காலையில் ஒரு கோப்பை போதும்.

அப்புறம் ஒன்று. வன்னி வெயிலில் சோற்றை அப்படியே வெளியில் விடாதீர்கள். அதில் கிருமி வளர்ந்து நஞ்சு சுரந்தால், திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வழுவழுத்தாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள்.