பின்கட்டில் முளைக்கும் குப்பைமேனி

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் இளையோர்க்கும் என் வணக்கம்.

ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால், காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் ஊருணிக் கரைகளிலும், பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்கட்டுகளிலும் கேட்பாரற்று முளைத்து நிற்கும் குப்பைமேனியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியை மேலிருந்து குனிந்து பாருங்கள். ஓரத்தில் பற்கள் கொண்ட இலைகள், ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழாதவாறு நீண்ட காம்புகளில் விலகி நிற்கும். வேரின் மணத்துக்குப் பூனைகள் மயங்கி வந்து புரளுவதால் இதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு.

இதன் முதன்மையான பயன் மேனிக்கே. என் அப்பத்தா, சொறி சிரங்கு கண்ட பிள்ளைகளைப் பின்கட்டில் உட்கார வைத்து, இலையோடு கல்லுப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்துப் பூசி, அது காய்ந்து தோலை இழுக்கும்வரை காத்திருந்து, பிறகு குளிப்பாட்டுவார். முதலில் எரியும், மறுநாளே அரிப்புத் தணிந்ததை நானே உணர்ந்திருக்கிறேன். நிழலில் உலர்த்திய இலைப்பொடியைப் படுக்கைப் புண்ணில் தூவுவதும் பழைய வழக்கம்.

உள்ளே கொடுப்பதில்தான் நான் உங்களிடம் மன்றாட வேண்டியிருக்கிறது. கைக்குழந்தைக்கு நெஞ்சில் கோழை கட்டினால் இலைச்சாற்றைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பார்கள். வாந்தியோடு கோழையும் வெளியேறும் என்பதே அதன் கணக்கு. ஆனால் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியை உண்டால் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். இலங்கையில் இதை உண்டவர்களிடம் இத்தகைய பாதிப்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இக்குறைபாடு பரம்பரையாக வருவது. பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. வெளித்தோற்றத்தில் தெரியாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஆகவே சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஒரு சங்கு சாறுகூடக் குழந்தையின் வாயில் ஊற்றாதீர்கள்.

பூச்சுக்குப் பறிப்பதானாலும் சாக்கடையோரச் செடியை விட்டுவிட்டு, மழையில் கழுவுண்ட செம்மண் மேட்டில் நிற்பதைப் பறியுங்கள்; முதலில் முழங்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, தடிப்பு இல்லையென்றால் மட்டும் பூசுங்கள்.