"இன்னும் எத்தனை வருடம்?": நாள்பட்ட மைலாய்டு லுகேமியா

(திரையில்: விடியற்காலை, தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம்)

ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்பது, "இன்னும் எத்தனை வருடம்?" என்பதுதான். நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவைப் பொறுத்தவரை, அதற்கான விடை நோயைக் கண்டறிந்த நாளிலேயே எழுதப்பட்டு விடுவதில்லை.

(திரையில்: 9, 22ஆம் குரோமோசோம்கள்)

இந்நோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து தத்தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்னும் ஒட்டு மரபணு தோன்றி, வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. இவ்விடமாற்றத்தை 1973இல் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். இந்த மரபணுவின் அளவை ரத்தத்தில் கணக்கிடும் பரிசோதனைக்கும் பிசிஆர் என்றே பெயர். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் முதலாவது மரபணு, இரண்டாவது அதை அளக்கும் முறை.

மணவாளக்குறிச்சிக் கருமணலால்தான் இந்நோய் வருகிறதா என்று நம் குமரிக் கடற்கரை ஊர்களில் கேட்கிறார்கள். இயற்கையாகவே கதிர்வீச்சை வெளியிடும் இதே மோனசைட் கனிம மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளியில், ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் லுகேமியா மிகுந்ததாகக் காணவில்லை. ஆயினும் அதில் பதிவான லுகேமியா நோயாளிகள் 30 பேர் மட்டுமே என்பதால், அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது.

(திரையில்: மண்ணீரலின் இருப்பிடம்)

வயது, மண்ணீரலின் வீக்கம், தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்திலுள்ள முதிராத அணுக்களின் விழுக்காடு ஆகிய நான்கையும் சேர்த்து அபாயத்தை மதிப்பிடும் சோக்கல் கணக்கு 1984இல் வந்தது. அது, பிசிஆர்-ஏபிஎல் மரபணுவின் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு முந்தைய காலத்துக் கணக்கு. அம்மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்மாத்திரையைப் பழைய சிகிச்சையோடு ஒப்பிட்ட, 1,106 பேர் பங்கேற்ற ஐரிஸ் ஆய்வில், இமாட்டினிப் பிரிவில் பத்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் ஏறத்தாழ 83 விழுக்காடாக இருந்தது. இன்றும் முதல்நாள் மதிப்பீடு பயன்படுகிறது. ஆனால் சிகிச்சை தொடங்கிய மூன்றாம் மாதப் பரிசோதனையில் பிசிஆர்-ஏபிஎல் அளவு 10 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கியுள்ளதா என்பதே பல வேளைகளில் கூடுதலாகப் பேசுகிறது.

(திரையில்: மாத்திரைப் புட்டி)

என் பார்வையில் இவ்வனைத்தையும்விட முக்கியமானது, 2010இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. இமாட்டினிப் உட்கொண்டுவந்த 87 பேரின் புட்டி மூடிகளில் மின்னணுக் கருவி பொருத்தி, புட்டி எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்று மூன்று மாதம் பதிவு செய்தார்கள். 90 விழுக்காட்டிற்கு மேல் ஒழுங்காக உட்கொண்டவர்களில் ஆறாண்டுகளில் பிசிஆர்-ஏபிஎல் 0.1 விழுக்காட்டிற்கு இறங்கும் வாய்ப்பு 94.5 விழுக்காடு, மற்றவர்களில் 28.4 மட்டுமே. மாதத்திற்கு மூன்று நாள் தவறினாலே அந்த 90 விழுக்காட்டு எல்லைக்கு வந்துவிடுகிறோம். உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாத நோயாளிக்கு மூன்று நாள் மறந்துபோவது மிக எளிது.

(திரையில்: கடலுக்குள் மறையும் விசைப்படகு)

தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்வோர் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. குறித்த நாளைத் தாண்டியும் தங்க நேரிடும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் பயண நாட்களைச் சொல்லி, கூடுதல் நாட்களுக்கும் சேர்த்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டல் மிகும். சோற்றுடன், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு உட்கொள்ள வேண்டும். ஒருநாள் தவறிவிட்டால், மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது.