தேடுறான், கிடைக்குது, ஆனா மனசுல நிக்கல: ஒரு அம்மாவோட சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு முதல் கேள்வி மலேசியாவுல நம்ம ஊர் சுங்கை சிப்புட்லேருந்தே வந்திருக்கு. ஒரு அம்மா எழுதியிருக்காங்க. படிச்சிடுறேன். "சார், என் மகன் ஃபார்ம் ஃபோர். பாடத்துல எதைக் கேட்டாலும் ஹேண்ட்போன்ல ஒரு நிமிஷத்துல பதில் எடுத்துடுறான். மறுநாள் அதையே கேட்டா முழிக்கிறான். இவனுக்குக் கவனம் இல்லையா, இல்ல அந்தத் தேடுற பக்கமே அப்படித்தானா? போனைப் பிடுங்கி வச்சிடலாமா?"

போன் விஷயத்தைக் கடைசியில சொல்றேன்மா. நடுவுல கேட்டீங்க பாருங்க, "பக்கமே அப்படித்தானா"ன்னு, யாரும் கேக்காத கேள்வி அது. எல்லாரும் பிள்ளையைத்தான் திட்டுவாங்க. என்னைக் கேட்டா, பாதிக்குப் பாதி தப்பு கூகுள் மாதிரி அந்தத் தேடுற பக்கத்து மேலதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். ஒரே நேரத்துல மனசுல எத்தனை விஷயத்தைப் பிடிச்சு வச்சுக்க முடியும்? 1956ல ஜார்ஜ் மில்லர்னு ஒரு அமெரிக்க மனோதத்துவக்காரர், ஏழு, அதுக்கு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம்னு எழுதினார். 2001ல நெல்சன் கோவன்னு இன்னொருத்தர், அவ்வளவு கிடையாது, சுமார் நாலுதான்னுட்டார். நாலே நாலு! எங்கப்பா ரப்பர் தோட்டத்துல தோள்ல காண்டா, அதாவது காவடிக் கம்பு, போட்டு ரெண்டு பக்கமும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டு நடப்பார். அதுல மூணாவது வாளிக்கு இடமே இருக்காது. மனசும் கிட்டத்தட்ட அந்த காண்டா மாதிரிதான்.

இதை வச்சுத்தான் ஆஸ்திரேலியாவுல ஜான் ஸ்வெல்லர் 1988ல சுமைக் கோட்பாட்டை ஆரம்பிச்சார். பாடமே கஷ்டமா இருக்கிறது ஒரு சுமை. பாடத்தை நம்ம முன்னாடி எப்படி வைக்கிறாங்களோ, அதனால வர்றது இன்னொரு சுமை. ரெண்டாவது சுமையால ஒரு பிரயோஜனமும் இல்ல. தேடுற பக்கத்துல விளம்பரம் எது, பதில் எதுன்னு பிரிச்சுப் பாக்குறது, பொடி எழுத்து, மலாய்ல தேடி இங்கிலீஷ்ல படிச்சு தமிழ்ல யோசிக்கிறது, எல்லாம் இந்த ரெண்டாவது கணக்குதான். நம்ம பிள்ளைங்களுக்கு மூணு மொழிங்கிறதால இந்தச் சுமை இன்னும் கூட.

அப்போ தேடுற பக்கத்தை அமைக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? சுமையைக் குறைக்கணும்னு பாப்பாங்க. நல்ல எண்ணம்தான். கூகுள் 1998ல வந்தப்போ பத்து சுட்டி காட்டும், போய்ப் படிச்சுக்கோன்னு விட்டுடும். 2008 வாக்குல நாம அடிக்க அடிக்கவே மிச்சத்தை அதுவே சொல்ல ஆரம்பிச்சது. 2012ல பக்கத்துல தகவல் கட்டம் வந்துச்சு. அப்புறம் பதிலையே பிச்சு எடுத்து மேல ஒரு பெட்டியில வச்சாங்க. 2024ல அந்தப் பெட்டியையும் ஏஐ எழுத ஆரம்பிச்சிடுச்சு. ஒவ்வொரு தடவையும் நம்ம தோள்லேருந்து ஒரு வாளியை இறக்கி வச்சாங்க. ஆனா எந்த வாளியை இறக்கினாங்க? வீண் சுமையோட சேர்த்து, யோசிச்சுப் பாக்கிற வேலையையும் இறக்கிட்டாங்க. இந்தப் பையனோட பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

கிட்டக்க ஒண்ணு காட்டுறேன். என் டியூஷன் மேல் மாடியில, கீழ ரொட்டி சானாய் கடை. போன மாசம் செஜாரா, அதாவது வரலாறு, வகுப்பு. 1948ல பிரிட்டிஷ்காரங்க மலாயாவுல போட்ட அவசரகாலம், மலாய்ல டாருராட். பையன்கள்கிட்ட, "ஏன் வந்துச்சு, தேடிப் பாருங்க"ன்னேன். ஒருத்தன் "புஞ்சா டா" வரைக்கும்தான் அடிச்சான், புஞ்சான்னா மலாய்ல காரணம். கீழ ஒரு வரிசை விழுந்துச்சு. முதல் வரியைத் தட்டினான். மேல பெட்டி வந்துச்சு. ரெண்டு வரி படிச்சான், போனைக் கவுத்து வச்சான். எல்லாம் சேர்த்து இருபது விநாடி இருக்குமா? அவன் போன்ல அந்தப் பெட்டிக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு அவன் பாக்கவே இல்ல. சின்னத் திரை, பெட்டியே முழுசா அடைச்சிடுச்சு. கேள்வியை அவன் முழுசா கேக்கவும் இல்ல, பதிலைத் தேர்ந்தெடுக்கவும் இல்ல. ரெண்டையும் அந்தப் பக்கமே பண்ணிக் குடுத்துடுச்சு.

இவன் சோம்பேறின்னு சொல்லிடாதீங்க. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, 2007ல வெளிவந்துச்சு. கண்ணு எங்க போகுதுன்னு கருவி வச்சுப் பாத்தாங்க. சில பேருக்கு மட்டும் கூகுள் குடுத்த வரிசையைத் தலைகீழா மாத்திக் காட்டினாங்க, அவங்களுக்குத் தெரியாம. அப்பவும் மேல இருந்ததைத்தான் அதிகமா தட்டினாங்க, அது அவ்வளவு பொருத்தமா இல்லாதப்பவும். மேல இருந்தா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. பல்கலைக்கழகப் பிள்ளைங்களே அப்படின்னா நம்ம பதினாறு வயசுப் பையன் என்ன பண்ணுவான்?

அன்னைக்கு வகுப்புல ஒரு சண்டை வந்துச்சு. ஒரு பையன் ஜூன் 16ங்கிறான், பக்கத்துல இருந்த பொண்ணு ஜூன் 18ங்கிறா. ரெண்டு பேர் போன்லயும் ரெண்டு விதமா வந்திருக்கு. "உன் போன் தப்பு," "உன் போன்தான் தப்பு." நான் வாயே திறக்கல. கொஞ்ச நேரம் போகட்டும்னு விட்டேன். கடைசியில ரெண்டு பேருமே பெட்டிக்குக் கீழ இறங்கிப் படிச்சாங்க. 16ஆம் தேதி இங்க நம்ம சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டுகள்ல மூணு வெள்ளைக்காரத் துரைங்களைச் சுட்டுக் கொன்னாங்க. அன்னைக்கே சில இடங்களுக்கு அவசரகாலம். 18ஆம் தேதி மலாயா முழுசுக்கும். ரெண்டு தேதியும் சரி! இப்ப அந்த ரெண்டு பேரையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. இருபது விநாடியில போனைக் கவுத்து வச்சானே, அவன்கிட்ட கேட்டேன். "ஏதோ ஜூன், சார்."

இன்னொண்ணும் இருக்கு. பெட்டி என்ன சொல்லுச்சு? கம்யூனிஸ்டுகள் மூணு பேரைக் கொன்னாங்க, அவசரகாலம் வந்துச்சு. தப்பில்ல. ஆனா தீக்குச்சியைக் காட்டுச்சு, விறகைக் காட்டல. போர் முடிஞ்சு தோட்டத்துல கூலி பத்தாம நடந்த வேலைநிறுத்தங்கள், அதே ஜூன் மாசம் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி தொழிற்சங்கங்களோட சம்மேளனத்தை முடக்கினது, அந்தச் சம்மேளனத்துக்குத் தலைவரா இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாசம் புடு ஜெயில்ல தூக்குல போட்டது, இதெல்லாம் அந்த ரெண்டு வரியில எங்க இருக்கு? நம்ம தாத்தா பாட்டி லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, வாழ்ந்த கதை இது. தேர்வுல காபாட் கேள்வி, அதாவது யோசிச்சு எழுத வைக்கிற கேள்வி, இந்த விறகைப் பத்தித்தான் கேக்கும். 2013லேருந்து செஜாராவுல பாஸ் ஆகலன்னா ஃபார்ம் ஃபைவ் முடிவுல எழுதுற எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழே கிடையாது, நினைவிருக்கட்டும்.

"இணையத்துல இருக்குன்னு தெரிஞ்சா மூளை மறந்துடும்"னு வாட்ஸாப்ல ஒண்ணு சுத்துது. 2011ல சயன்ஸ் இதழ்ல வந்த ஆய்வை வச்சுச் சொல்றாங்க. அதுல இருந்த ஒரு சோதனையை 2018ல திரும்பப் பண்ணிப் பாத்தப்போ அதே முடிவு வரல. அதனால மூளை கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேண்டாம். எனக்கு அதைவிட உறுதியா படுறது 1978ல வந்த வேற ஒரு சோதனை. ஸ்லாமெக்கா, கிராஃப்னு ரெண்டு பேர். சும்மா படிச்ச வார்த்தையைவிட, ஒரு குறிப்பை வச்சு நாமளே யோசிச்சு நிரப்பின வார்த்தை நல்லா ஞாபகத்துல நிக்குதுன்னு காட்டினாங்க. தேடுற பக்கம் இந்த நிரப்புற வேலையைத்தான் நம்ம கையிலேருந்து வாங்கிக்குது.

அதுக்காக எல்லாத்துக்கும் கஷ்டப்படணுமா? வேண்டாம். ஈப்போ பஸ் எத்தனை மணிக்கு, கிளினிக் ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா, இதுக்கெல்லாம் பெட்டியில வர்ற பதில் போதும், அதுல மூளையைச் செலவழிக்காதீங்க. பால்வெட்டு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். பட்டையை மேலாகச் சீவினா பால் வராது, ரொம்ப ஆழமா போனா மரம் காயமாயிடும். எங்கப்பா கத்தி பிடிக்கிறதைப் பாத்தே கங்காணி சொல்லிடுவார். படிப்புல எந்த ஆழத்துக்குக் கத்தி போகணும்ங்கிறதை, நாம இப்ப ஒரு பெட்டிகிட்ட விட்டிருக்கோம்.

சரி, வீட்டுல என்ன பண்றது? என் வகுப்புல நான் வச்சிருக்கிறது ஒரு பழைய நோட்டு, அவ்வளவுதான். போனைத் தொடுறதுக்கு முன்னாடி, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் இது"ன்னு ஒரு வரி எழுதணும். தப்பா இருந்தாலும் பரவால்ல, தப்பா இருந்தா இன்னும் நல்லது. கேள்வியை முழு வாக்கியமா அடிக்கணும், கீழ விழுற வரிசையைத் தட்டக் கூடாது. ரெண்டு பக்கமாவது திறக்கணும். இங்க ஒரு சிக்கல், போன்ல ரெண்டு பக்கத்தை மாத்தி மாத்திப் பாக்கும்போது, இதுக்கு வர்றதுக்குள்ள அதுல படிச்சது போயிடும். நாலு விஷயம்தான் பிடிக்கும்னு சொன்னேன் இல்ல? அதனால படிச்சதை நோட்டுல கிறுக்கிக்கணும், அந்த வாளியைக் காகிதம் தூக்கிக்கும். நூலகத்துல பெரிய திரை கம்ப்யூட்டர் கிடைச்சா இன்னும் நல்லது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். கடைசியா போனைக் கவுத்து வச்சிட்டு யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லணும். தம்பி தங்கச்சி போதும்.

முதல் ரெண்டு வாரம் உங்க மகன் எரிச்சல் படுவான்மா, சொல்லிடுறேன். என் வகுப்புல ஒருத்தன் "சார், இது ஸ்லோ சார்"னு தினமும் சொன்னான். ஆமாடா, ஸ்லோதான்னேன்.

போனைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா நண்பன் போன்ல அதே பெட்டியைத்தான் பாப்பான். அதுக்குப் பதிலா, சாயங்காலம் தே ஓ, பால் இல்லாத டீ, குடிக்கும்போது ஒண்ணு கேளுங்க, "ஏம்ப்பா, அவசரகாலத்துக்கு ஏன் ரெண்டு தேதி சொல்றாங்க?" முழிச்சான்னா நோட்டை எடுத்துக் கையில குடுங்க, அப்புறம் போனைக் குடுங்க.

அடுத்த கேள்வி கோலகங்சார்லேருந்து ஒரு ஐயா, பேரன் படிப்புக்கு டேப்லெட் வாங்கலாமான்னு கேட்டிருக்கார்...