ஒரு சாரா போதாதென்று இன்னொரு சேராவும் வருகிறார்!

வணக்கம் மக்களே. வழக்கம்போலக் காருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு வண்டி நிற்பது ஸ்டோர்ஸ் ஊரில், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பால்பண்ணை ஐஸ்கிரீம் கடை வாசலில். கையில் ஜொனாதன் சுப்ரீம். வெனிலா நடுவே வேர்க்கடலை வெண்ணெய் கோடு கோடாக ஓடும், சாக்லேட் பூசிய கடலை பல்லில் நறுக்கென்று கடிபடும். யூகான், அதாவது இந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி, ஜெயித்தால்தான் இதைத் தொடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டமே இல்லாத நாளில் வாங்கியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆடிய சேரா வில்லியம்ஸ் 2025-26 சீசனுக்கு நம்மிடம் வருகிறார்! 6 அடி 4 அங்குல உயரம். 2024-இல் விஸ்கான்சின் ஆடும் பிக் டென் கல்லூரி லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அதற்கு முன்னால் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். செய்தி உறுதிதானா என்று பார்க்க, எந்த ஆட்டக்காரர் எந்தக் கல்லூரியில் சேருகிறார் என்று செய்தி போடும் ஒரு தளத்துக்குப் போனேன். பூட்டு. மாதம் 12 டாலர் கட்டினால்தான் திறக்குமாம். சரி, போகட்டும் என்று கட்டினேன். உள்ளே இரண்டே வரி! அதுவும் ஊர் முழுக்க ஏற்கெனவே பரவிய இரண்டு வரி. உடனே ரத்து செய்யப் போனால் அதற்கான பட்டனைக் காணோம். கணக்குப் பக்கம், சந்தா பக்கம், உதவிப் பக்கம், திரும்பவும் கணக்குப் பக்கம் என்று இருபது நிமிடம் சுற்றவிட்டார்கள். கடைசியில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். காசு வாங்க ஒரு தடவை தட்டினால் போதும், திருப்பித் தர மட்டும் கடிதம் எழுத வேண்டுமா? விடவில்லை, மூன்று மின்னஞ்சல் போட்டேன். இன்று காலையில் 12 டாலரும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. நீங்களும் ஏமாந்திருந்தால் விடாமல் எழுதுங்கள், கிடைக்கும்.

சரி, சேரா. போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள்: போர்ட்டலில், அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலிலிருந்து, ஆள் எடுப்பது யூகானுக்கு அழகா, பள்ளியிலிருந்து வருகிறவர்களை வளர்ப்பதுதானே நம் வழக்கம் என்று. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவே இல்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி டாம்பாவில் தேசிய இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலைனாவை 82-59 என்று வென்றோமே, நம்முடைய 12-ஆவது பட்டம், அதில் பந்தை முன்னே கொண்டுபோன கெய்ட்லின் சென் எங்கிருந்து வந்தார்? பிரின்ஸ்டனிலிருந்து. பிரின்ஸ்டன், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கிருந்து வந்தவர்தான் நம் தொடக்க ஐவரில் ஒருவராக நின்றார்.

அப்புறம், உயரம் நமக்குக் கட்டாயம் தேவை. கூடைக்கடியில் நிற்கும் நம் உயரமான ஜானா எல் அல்ஃபி இரண்டாவது ஃபவுல் வாங்கினாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இனி அந்தப் பயம் இல்லை. ஏற்கெனவே நம் அணியில் இருக்கும் சாரா ஸ்ட்ராங்கும் சேராவும் கூடைக்கடியில் சேர்ந்து நின்றால் ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, யார் உள்ளே வருவார்கள்? இறுதி ஆட்டத்தில் சாரா மட்டும் 24 புள்ளி, 15 ரீபவுண்ட். முதலாண்டு மாணவி!

ஆங், சாராவின் அம்மாவைப் பற்றிப் போன முறையே சொல்ல நினைத்து மறந்துவிட்டேன். அவர் பெயர் அலிசன் ஃபீஸ்டர், ஹார்வர்டில் ஆடியவர். 1998 மார்ச்சில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியில் ஹார்வர்டுக்குக் கடைசி 16-ஆம் தரநிலை, ஸ்டான்ஃபோர்டுக்கு முதல் தரநிலை. ஆட்டமும் ஸ்டான்ஃபோர்டின் சொந்த அரங்கில். ஃபீஸ்டர் 35 புள்ளி போட்டார், ஹார்வர்ட் 71-67 என்று ஜெயித்தது. 16-ஆம் தரநிலை முதல் தரநிலையைச் சாய்த்தது அதுவே முதல் முறை. ஆண்கள் போட்டியில் அப்படி நடக்க 2018 வரை ஆயிற்று. அதனால்தான் எனக்குப் பள்ளி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் இந்த நட்சத்திரக் கணக்கு, வரிசைப் பட்டியல் எதிலும் மனசு ஒட்டுவதில்லை. சாராவே பட்டியலின் உச்சியில் இருந்தவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அவரைப் பிடித்தது பட்டியலால் இல்லை.

நம் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா பல வருஷத்துக்கு முன்னால் ஒரு செய்தியாளர் சந்திப்பில் சொன்னதை உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆட்டப் பதிவைப் பார்க்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையும் கவனிப்பாராம். தோழி கூடை போட்டால் துள்ளி எழுகிறாளா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாளா என்று. 1985-லிருந்து அந்த நாற்காலியில் இருக்கிற மனிதர் பார்ப்பது அதை. அவர் சேராவை வா என்று கூப்பிட்டிருக்கிறார் என்றால் எனக்கு அது போதும்.

ஓ, இதையும் விட்டுவிட்டேன்: நம் அஸி ஃபட்டும் 2025-26 சீசனுக்கு இருக்கிறார்! நம் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸ் டல்லாஸின் தொழில்முறை அணிக்குப் போன துக்கத்தில் இருந்த எனக்கு அதுதான் முதல் மருந்து.

சீசன் டிக்கெட் விற்பனை திறந்ததும் வழக்கமான மூலை வேண்டாம், நம் பெஞ்சுக்கு நேர் எதிர்ப்பக்கம் எடுக்கப்போகிறேன். சேரா உட்கார்ந்திருக்கும் நிமிடங்களை நான் பார்க்க வேண்டும். எந்த வரிசையிலிருந்து பெஞ்ச் நன்றாகத் தெரியும் என்று நம் கம்பெல் அரங்கில் உட்கார்ந்தவர்கள் கீழே எழுதுங்கள்.