நடக்கவே கூடாதது நடந்தால்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்ங்க. கம்ப்யூட்டர் புரோகிராமில் வருகிற பிழையைத் தேடிப் பிடிப்பது, அதைப் புகாராக எழுதுவது பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எங்கள் வீடு திருப்பூருக்குப் பக்கம். அப்பா முப்பது வருடம் நிட்டிங் மெஷின்களோடு இருந்தவர். வட்ட மெஷினிலிருந்து இறங்கும் துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் பக்கத்தில் நிற்பேன். "நெடுக்க கோடு ஓடுனா ஊசியப் பாரு அம்மிணி, குறுக்க பட்டை விழுந்தா நூலப் பாரு" என்பார். துணியில் குறை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தாலே மெஷினில் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கான ஊசிகளில் கொக்கி வளைந்த அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றுவார். கோடு நின்றுவிடும்.

இன்றைக்கு நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். துணிக்குப் பதில் புரோகிராம், மெஷினுக்குப் பதில் கம்பைலர். நாம் எழுதுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டரின் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதுவும் மனிதர்கள் எழுதிய புரோகிராம்தான், அதனால் அதிலும் பிழை இருக்கும். நான் வேலை செய்வது ஹேஸ்கெல் என்ற மொழியில். ஹேஸ்கெல் கர்ரி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயரைத் தாங்கி 1990இல் வெளிவந்த மொழி. 'இதைச் செய், அப்புறம் அதைச் செய்' என்று வரிசையாகக் கட்டளையிடாமல், கணக்கில் சூத்திரம் எழுதுவதுபோல எழுத வேண்டும். சார்பு நிரலாக்கம் என்று இதைச் சொல்கிறோம்.

இந்த மொழிக்கு அதிகமாகப் பயன்படும் கம்பைலர் ஜி.எச்.சி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அது தனக்குள்ளேயே குழம்பிப் போனால் ஒரு செய்தியைத் திரையில் காட்டும்: 'நடக்கவே முடியாதது நடந்துவிட்டது' என்று பொருள்படும் ஒரு வரி. கூடவே, 'இதை எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்று ஒரு வேண்டுகோள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இப்போது யோசித்தால், பிழைகளிலேயே நல்ல பிழை அதுதான். தவறு தன்னுடையது என்று கம்பைலரே ஒத்துக்கொள்கிறது. சரியான புரோகிராமை வாங்கிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் தப்பான விடையைத் தருகிற பிழைதான் ஆபத்து. கடையில் கொடுத்த சட்டையில் இரண்டாவது சலவைக்குப் பிறகு தெரிகிற கோடு மாதிரி.

ஆனால் அப்படி ஒரு தப்பான விடை வந்ததும் கம்பைலரைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சரக்கு அனுப்பும் பில்லுக்கு எண் போடும் ஒரு புரோகிராம் எழுதினேன். சாதாரணமாகக் கம்பைல் செய்தால் 1, 2, 3 என்று ஒழுங்காக வந்தது. வேகப்படுத்தும் வசதியைப் போட்டுக் கம்பைல் செய்தால் ஒரே எண் இரண்டு பில்லில் விழுந்தது. கம்பைலர்தான் கெடுக்கிறது என்று அடித்துச் சொன்னேன், புகார்கூட எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுத எழுதத்தான் தெரிந்தது. 'என்னை நம்பு, இதற்குள் பக்கவிளைவு எதுவும் இல்லை, விடை தருவதைத் தவிர இது வேறு எதையும் மாற்றாது' என்று கம்பைலருக்குச் சத்தியம் செய்து கொடுக்கிற ஒரு வசதி ஹேஸ்கெலில் உண்டு. அன்சேஃப் என்றுதான் அதன் பெயரே தொடங்கும். பில் எண்ணை வைத்திருக்கும் பெட்டியை அந்த வசதியால் உருவாக்கியிருந்தேன். சூத்திரம்தானே, எந்த இடத்தில் எடுத்து வைத்தாலும் ஒன்றுதான் என்று நம்பி, கம்பைலர் அதை இரண்டு இடத்தில் படியெடுத்துவிட்டது. ஒரு பெட்டி இரண்டு பெட்டியானது. பொய்ச் சத்தியம் செய்தது நான். 'இதைப் படியெடுக்காதே' என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருக்க வேண்டும், அது கையேட்டிலேயே இருக்கிறது. புகாரை ஒழுங்காக எழுத உட்கார்ந்ததால்தான் என் தவறு எனக்குப் பிடிபட்டது. அதனால்தான் புகார் எழுதுவதை நான் வெறும் கடிதவேலையாக நினைப்பதில்லை.

சந்தேகம் எவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்பதற்கு இன்னொரு கதை. இது உலகத்துக்கே தெரிந்தது. ஓகேமல் என்று இன்னொரு சார்பு மொழி, பிரான்சில் உருவானது. 2016 ஏப்ரல் கடைசியில், அதன் முதன்மை ஆக்குநரான சேவியே லெருவாவிடம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். 4.02.3 என்ற பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடிய புரோகிராம், 4.03க்கு மாறியதும் திடீர் திடீரென்று விழுகிறது, அதாவது ஓடும்போதே பாதியில் நின்றுவிடுகிறது. ஒரே இடத்தில் விழுவதில்லை, ஒரே நேரத்திலும் விழுவதில்லை. லெருவா மெமரி கெட்டிருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார், அது இல்லை. இன்டெல்லின் ஸ்கைலேக் வகைச் சிப்பு இருக்கும் மெஷின்களில்தான் விழுகிறது என்று தெரிந்தது. ஒரே சிப்புக்கூறை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் வசதியை அணைத்தால் விழுவதே இல்லை. வாடிக்கையாளருக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. காரணம் தெரியாமலே விஷயம் கிடப்பில் போனது.

2017 ஜனவரியில் வேறு ஆட்களிடமிருந்து அதே மாதிரிப் புகார்கள் வந்தன. இந்தத் தடவை பல பேர் சேர்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். ஓகேமலின் உள்ளே சி மொழியில் எழுதிய பகுதி ஒன்று உண்டு, குப்பை நினைவகத்தைக் கூட்டி அள்ளுவது அதன் வேலை. அதை ஜி.சி.சி. கம்பைலரால் இரண்டாம் நிலை வேகத்தில் கம்பைல் செய்தால் விழுகிறது. முதல் நிலையில் செய்தால் இல்லை. கிளாங் என்ற வேறு கம்பைலரில் செய்தாலும் இல்லை. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜி.சி.சி.தான் குற்றவாளி என்று யாரும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் ஜி.சி.சி. தந்த கட்டளைகளில் ஒரு தப்பும் இல்லை. குற்றம் சிப்பில் இருந்தது. 64 கட்டளைகளுக்குக் குறைவான சின்னச் சுழற்சி, அதற்குள் சிப்பு எண்களை வைத்துக்கொள்ளும் சில பதிவேடுகளின் துண்டுப் பகுதியையும் முழுப் பகுதியையும் சேர்த்துப் பயன்படுத்துவது, கூடவே சிப்புக்கூறின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுவது. மூன்றும் கூடினால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. இன்டெல் அதைத் தன் பிழைப்பட்டியலில் வெளியிட்டுத் திருத்தமும் தந்தது. எனக்கு இதில் பிடித்தது சிப்பின் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது மட்டுமில்லை. முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் 'எனக்கும் இப்படி ஆகிறது' என்று எழுதி வைத்தார்களே, அது இல்லாவிட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்தே இருக்காது.

சரி, நம் மேசையில் பிழை வந்தால் எப்படித் தேடுவது? துணி நிட்டிங் முடிந்து, சாயம் போடும் டையிங் போய், சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், கட்டிங், தையல் என்று போகிறது அல்லவா? கம்பைலரும் அப்படித்தான். ஜி.எச்.சி.க்குள் நம் புரோகிராம் முதலில் கோர் என்ற சிறிய மொழியாக மாறும். அங்கேதான் பெரும்பாலான மெருகேற்றம், அதாவது புரோகிராமை வேகப்படுத்தும் வேலை. அப்புறம் இன்னும் இரண்டு மொழிகள் தாண்டி சிப்புக் கட்டளையாகும். கோர் நிலையில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் 'வகைகள், அதாவது எது எண், எது எழுத்து என்பதெல்லாம், இன்னும் பொருந்துகின்றனவா' என்று பார்க்க கோர் லின்ட் என்ற சோதனையை நாம் போடலாம். டையிங் போவதற்கு முன்பே, சாயம் ஏறாத கிரே துணியைப் பார்த்துவிடுகிற செக்கிங் மாதிரி. அது எந்தக் கட்டத்துக்குப் பிறகு கத்துகிறதோ, அந்தக் கட்டத்தில்தான் வளைந்த ஊசி இருக்கிறது. மெருகேற்றத்தை முழுக்க நிறுத்திப் பாருங்கள். பிழை போய்விட்டால் ஒவ்வொரு மெருகாக அணைத்துப் பாருங்கள்.

அடுத்தது, சுருக்குவது. நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். நாலாயிரம் வரிப் புரோகிராமை அனுப்பி 'இதில் எங்கேயோ தப்பு' என்றால் யாருக்கும் உபயோகமில்லை. பாதியை வெட்டுங்கள். பிழை இன்னும் வருகிறதா? வெட்டியது வெட்டியதுதான். போய்விட்டதா? திருப்பி வைத்துவிட்டு மற்றப் பாதியை வெட்டுங்கள். கம்பைல் செய்யும்போதே வருகிற பிழை என்றால் ஹேஸ்கெலில் ஓர் அருமையான வழி உண்டு. அன்டிஃபைன்ட் என்று ஒரு சொல், எந்த வகையைக் கேட்டாலும் அங்கே பொருந்தும். பத்து வரிச் சூத்திரத்தை எடுத்துவிட்டு அந்த ஒரு சொல்லை வைக்கலாம். சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் பெயர், கம்பெனி ரகசியம் எல்லாம் இப்படி உதிர்ந்துபோய், கடைசியில் பதினைந்து இருபது வரி நிற்கும். வெளியிலிருந்து பிறர் எழுதிய எந்தப் புரோகிராம் தொகுப்பும் வேண்டாம் என்கிற நிலைக்கு அதைக் கொண்டுவாருங்கள்.

புகாரில் எழுத வேண்டியது கொஞ்சம்தான்: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், தட்டிய கட்டளை எழுத்துப் பிசகாமல், வந்த செய்தி முழுதாக, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. புதுப் பதிப்பில் சரிசெய்துவிட்டார்களா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள், எத்தனையோ பிள்ளைகள். பிழை வந்தால் எப்படியாவது சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். "சமாளிச்சுக்கலாம்ங்க" என்கிறார்கள். கரண்டு போனாலும் தண்ணீர் வற்றினாலும் சமாளித்துப் பழகிய மண் இது, அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சமாளித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், நாளைக்கு வேறொரு பிள்ளை அதே குழியில் விழும். கேட்டால், "என் இங்கிலீஷ் நல்லா இருக்காதுங்க்கா" என்று தயங்குகிறார்கள். அந்த இருபது வரிப் புரோகிராம்தான் கண்ணு உன் பேச்சு. எடின்பரோவில் இருப்பவருக்கும் டோக்கியோவில் இருப்பவருக்கும் அதை ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஜி.எச்.சி.யில் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தருகிறார்கள். பிழையைத் திருத்திய பிறகு, நீங்கள் அனுப்பிய அந்தச் சின்னப் புரோகிராமைப் பெரும்பாலும் தூக்கிப் போடுவதில்லை. 'டி' என்ற எழுத்தையும் உங்கள் புகாரின் எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்து, சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் கம்பைலரில் யார் எந்த மாற்றம் செய்தாலும் அந்த இருபது வரியும் ஓடி, பழைய பிழை திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பிள்ளை மஞ்சள் மண்டிக் கணக்குக்காக எழுதி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுருக்கிய இருபது வரியாக அது இருக்கலாம்.

வணக்கம்.