விரல் நுனி வியர்வையும் உண்மை கண்டறியும் கருவியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சந்தேக நபருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்த அனுமதி கேட்டார்கள் என்று செய்தியில் கேட்கிறோம். பாலிகிராஃப் என்ற அந்தக் கருவி மூச்சு, இரத்த அழுத்தம், தோலின் மின்தடை ஆகியவற்றை ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. மூன்றாவதாகச் சொன்ன தோலின் மின்தடையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விரல்களில் மாட்டும் இரண்டு சிறு தகடுகள் எதை அளக்கின்றன, எதை அளக்கவில்லை என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் வெயிலைவிட மனநிலைக்கே அதிகம் அசைந்து கொடுப்பவை. பதற்றம், திடுக்கிடல், கவனம் எது வந்தாலும் நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் தானே இயங்கும் பரிவு நரம்புகள் அவற்றைத் தூண்டுகின்றன. வியர்வை நாளங்களில் உப்புநீர் மேலேறுகிறது, தோலின் மின்தடை குறைகிறது. இதை ஃபெரே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1888இலேயே பதிவு செய்தார். இந்த நரம்புகளில் செய்தி மெதுவாகத்தான் போகும். அதனால் கேள்வி முடிந்து ஒன்று முதல் மூன்று விநாடி கழித்தே, தடை குறையும்போது மேலேறும்படி கருவி வரையும் கோடு ஏறத் தொடங்கும். உச்சத்தைத் தொட இன்னும் இரண்டு மூன்று விநாடி ஆகும், இறங்க அதைவிட நேரம் பிடிக்கும். கேள்விகளுக்கு நடுவே 20 முதல் 25 விநாடி இடைவெளி விடுவது இதனால்தான். அவசரப்பட்டால் முதல் கேள்வியின் வால் அடுத்த கேள்வியின் தலையில் ஏறிவிடும்.

மின்தடையை ஓமில் அப்படியே படித்தால் கணக்கு தவறும். ஒருவருக்கு 500 கிலோ ஓம் 490 ஆகிறது, இன்னொருவருக்கு 50 கிலோ ஓம் 40 ஆகிறது என்று வையுங்கள். இருவருக்கும் 10 கிலோ ஓம்தான் குறைந்திருக்கிறது. மின்தடையின் தலைகீழான மின்கடத்துதிறனில் (அலகு சீமென்ஸ்) பார்த்தால் முதலாமவருக்கு 0.04 மைக்ரோ சீமென்ஸ், இரண்டாமவருக்கு 5 மைக்ரோ சீமென்ஸ் மாற்றம். வியர்வை நாளங்கள் பக்க இணைப்பில் உள்ள ரெசிஸ்டர்கள் போல நடந்துகொள்வதால், சுரப்பியின் உண்மையான வேலையைக் கடத்துதிறன்தான் நேராகக் காட்டும்.

பள்ளி ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். 9 வோல்ட் பேட்டரி, அதை 5 வோல்ட்டாக நிலைப்படுத்த 78எல்05 என்ற சில்லு, மின்னழுத்தத்தைப் பெருக்கிக் காட்டும் எல்எம்358 ஆப்-ஆம்ப் சில்லு ஒன்று போதும். 9.1 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் வரிசையில் இணைத்து 5 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 0.5 வோல்ட் எடுங்கள். அதை ஆப்-ஆம்பின் நேர் உள்ளீட்டில் கொடுங்கள். எதிர் உள்ளீட்டுக்கும் தரைமுனைக்கும் நடுவே விரல்கள். வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு 200 கிலோ ஓம், அதன் குறுக்கே 0.47 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இந்தக் கப்பாசிட்டர் அடக்கும். தோலின் மீது 0.5 வோல்ட்டுக்கு மேல் விழாது. விரலில் மாட்டும் மின்முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டாலும் 20 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடும்.

விரலை மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். ஆப்-ஆம்பின் வெளியீட்டில் வைத்த மீட்டர் 1.5 வோல்ட் காட்ட வேண்டும். 1 மெகா ஓம் வைத்தால் 0.6 வோல்ட். இந்த இரண்டும் சரியாக வராமல் யார் விரலையும் அளக்காதீர்கள். கணினியில் பதிவு செய்பவர்கள் கவனிக்க: மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 10 பிட்டாக இருந்தால் அதன் ஒரு படியே 0.05 மைக்ரோ சீமென்ஸ் ஆகிவிடும், சிறிய அசைவுகள் அதில் தொலைந்துபோகும். 16 பிட் பயன்படுத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஆளின் உடம்போடு இணைந்த எதுவும் வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கக்கூடாது.

அளவு கெடுவது பெரும்பாலும் மின்முனையில்தான். வெறும் செம்பு, அலுமினியத் தகடுகள் வியர்வை பட்டதும் தாமே மின்னழுத்தத்தை உண்டாக்கும், கோடு மெல்ல நகர்ந்துகொண்டே போகும். வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனைதான் நம்பத்தக்கது. இசிஜிக்குப் பூசும் பசையில் உப்பு அதிகம், இதற்கு ஆகாது. கையைச் சாதாரண நீரில் கழுவித் துடைத்தால் போதும், ஸ்பிரிட் தடவினால் தோல் உலர்ந்துவிடும். ஏசி அறை குளிர்ந்திருந்தால் கோடு அசையவே அசையாது. இருமல், பெருமூச்சு, விரலை அழுத்துதல், கதவு சாத்தும் சத்தம், இவை ஒவ்வொன்றும் பொய்யைப் போலவே ஒரு மேட்டை வரையும்.

கருவி காட்டுவது மனம் அசைந்தது என்பதை மட்டும்தான். "நீதானே திருடினாய்?" என்று கேட்டால் நிரபராதிக்கும் கை வியர்க்கும். பயத்தின் வியர்வையையும் பொய்யின் வியர்வையையும் பிரித்துக் காட்ட எந்த மின்சுற்றாலும் முடியாது. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரைக் கட்டாயப்படுத்தி இச்சோதனை நடத்தக்கூடாது என்றும், சம்மதித்து நடந்தாலும் முடிவை அப்படியே சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும், வழக்கறிஞரை அணுக வாய்ப்புத் தர வேண்டும்.

இதே கருவியை நேர்மையாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கென் 1959இல் வெளியிட்ட முறை அது. ஜப்பான் காவல்துறை இவ்வகைச் சோதனையைத்தான் பெரிதும் நம்புகிறது. செய்தாயா என்று அதில் கேட்பதில்லை. "திருடுபோன நகை எதில் இருந்தது? அரிசி டப்பாவிலா, பித்தளைச் செம்பிலா, துணிப்பையிலா..." என்று ஆறு விடைகளை வரிசையாகச் சொல்வார்கள். அறிந்தவன் மனம் சரியான விடையில் மட்டும் அசையும், அறியாதவனுக்கு எல்லாம் ஒன்றுதான். முதலில் சொல்வதற்கு யாரும் அசைவார்கள் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதி ஐந்தில் சரியானதற்கே தற்செயலாக அதிகம் அசைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. இப்படி ஆறு கேள்விகள் கேட்டு, ஆறிலும் அப்படியே நடக்க 15,625இல் ஒன்றுதான்.

இந்த முறை செய்தியாளர் கூட்டத்தில் செத்துப்போகிறது. நகை செம்பில் இருந்தது என்று மறுநாள் நாளிதழில் வந்துவிட்டால் ஊருக்கே விடை தெரியும், அந்தக் கேள்வி வீண். விசாரணையின் போதே அதிகாரி வாய்தவறிச் சொல்லிவிட்டாலும் அதே கதிதான். சம்பவ இடத்தைப் பார்த்த அன்றே ஆறேழு நுணுக்கங்களை எழுதி உறையிட்டு மூடிவைக்க வேண்டும். கேள்வியைப் படிப்பவருக்குச் சரியான விடை தெரியவே கூடாது. தெரிந்தால் அந்தச் சொல்லில் அவர் குரலே சற்று மாறும், எதிரே இருப்பவர் விரல் அதற்கும் வியர்க்கும்.