நாமா, நாங்களா?

நேயர்களுக்கு வணக்கம். நாம் பேசும் மொழி நம் சிந்தனையை மாற்றுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது 'நம் சிந்தனை' என்றேன், கவனித்தீர்களா? 'எங்கள் சிந்தனை' என்று சொல்லியிருந்தால் வானொலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீங்கள் அப்போதே வெளியாட்கள் ஆகியிருப்பீர்கள். பல வருடமாக என் மனதை விட்டுப் போகாத விஷயம் இதுதான்.

ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமானது. ஒருவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வது என் தொழில். ஒரு நிறுவனத்தில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் பேச்சுவார்த்தை. வந்திருந்த அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த வருடம் பெரிய நஷ்டம், இதிலிருந்து மீள என்ன வழி என்று 'வி' முடிவு செய்வோம் என்று. அவருக்கு அது ஒரே ஒரு சொல். எனக்கு அப்படி இல்லை. நாமா, நாங்களா? அவரைத் திருப்பிக் கேட்க நேரம் இல்லை, அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். நான் 'நாம் முடிவு செய்வோம்' என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கட்டைப் பிரித்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த 'வி' நிர்வாகம் மட்டும் என்று. திருத்திச் சொன்னேன், 'நாங்கள் முடிவு செய்து உங்களுக்குத் தெரிவிப்போம்' என்று. அந்தப் பெரியவரின் கை மறுபடி கட்டிக்கொண்டது. இதை என்னால் மறக்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள், அந்த அதிகாரி எதையும் மறைக்கவில்லை. அவர் மொழி அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்யாமலே அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். நம்மால் ஒரு வாக்கியம்கூட முடியாது. தெலுங்கில் மனமு, மேமு என்று இதே பிரிவு உண்டு. இந்தோனேசிய மொழியில் கித்தா, காமி என்று உண்டு.

வீட்டுக்குள்ளேயும் இதைப் பார்க்கலாம். அண்ணனும் தம்பியும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது எப்போதும் 'நம்ம வீடு' என்று சொல்லும் தம்பி ஒரு நாள் 'எங்க வீட்டுல' என்று சொல்கிறான். அண்ணனுக்கு அடிவயிற்றில் என்னவோ செய்யும். சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, பங்கு பிரிக்கும் பேச்சு எழவே இல்லை, ஆனால் அந்த ஒரு சொல் மாறியதில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. தமிழ் தெரிந்த காது அதைத் தவறவிடாது.

இதைத்தான் ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1959இல் ஒரு கட்டுரையில் சொன்னார். எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிடலாம், ஆனால் ஒவ்வொரு மொழியும் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். மொழிகள் வேறுபடும் இடம் அதுதான் என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதுதான். மொழி நம் மூளையைப் பூட்டி வைப்பதில்லை. தினமும் நூறு தடவை நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது. சின்ன வயதிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி, கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறோம்.

நீ, நீங்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவரைப் பார்க்கிறோம், நம்மைவிடச் சின்னவர் மாதிரியும் இருக்கிறார், இல்லாத மாதிரியும் இருக்கிறார். நீ என்றால் மரியாதை இல்லை, நீங்கள் என்றால் விலக்கி வைத்த மாதிரி. என்ன செய்கிறோம்? 'கிளம்பியாச்சா?' என்கிறோம். 'வேலை முடிஞ்சுதா?' என்கிறோம். ஆளே இல்லாத வாக்கியம். இப்படிச் சுற்றிப் போக ஒரு பாதை வைத்திருக்கிறோம் என்பதே அந்தக் கேள்வி நம்மை எவ்வளவு நெருக்குகிறது என்பதற்குச் சாட்சி. ஃபின்னிஷ் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் சேர்த்து 'ஹான்' என்று ஒரே சொல். அவர்கள் ஒருவரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. நாம் 'வந்தான், வந்தாள், வந்தார்' என்று வினையின் வாலிலேயே ஆளை எடை போட்டு விடுகிறோம்.

அப்புறம் இந்த 'ஆம்'. 'அவர் வந்துவிட்டார்' என்பது ஒன்று, 'வந்துவிட்டாராம்' என்பது வேறு. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதை ஒரு விகுதியில் முடித்துவிடுகிறோம். நமக்கு இது விருப்பம். வேண்டுமானால் சேர்க்கலாம், விட்டுவிடலாம். துருக்கியில் கடந்த காலத்தைச் சொல்லும்போது இது வினையிலேயே வந்துவிடும்: 'கெல்தி' என்றால் வந்ததை நானே அறிவேன், 'கெல்மிஷ்' என்றால் கேட்டோ ஊகித்தோ தெரிந்துகொண்டேன். சரி, அதனால் துருக்கியர்கள் வதந்தியை நம்ப மாட்டார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அவ்வளவு தூரம் தாவுவதில்தான் இந்தத் துறையே கெட்டுப்போனது.

பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒருவர். தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. பெட்ரோல் தீர்ந்த பீப்பாய்களை 'காலி' என்று சொல்வதாலேயே ஆட்கள் அவற்றுக்குப் பக்கத்தில் அலட்சியமாக இருக்கிறார்கள், உள்ளே இருக்கும் ஆவிதான் அதிக ஆபத்து என்பதை மறந்துவிடுகிறார்கள் என்று கவனித்தவர். அருமையான கவனிப்பு. ஆனால் அதே மனிதர் அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பி மக்களின் மொழியில் நம்முடையதைப் போன்ற காலக் கருத்தே இல்லை என்றும் எழுதினார். 1983இல் எக்கஹார்ட் மலோட்கி என்பவர் அந்த மொழியில் காலத்தைச் சொல்லும் சொற்களையும் வடிவங்களையும் திரட்டி 600 பக்கத்துக்கும் மேல் வெளியிட்டார்.

திசைக்கு வருகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் என்று ஒரு மொழி. கங்காரு என்ற சொல்லே அங்கிருந்து 1770இல் கேப்டன் குக் குழுவினர் எழுதிக்கொண்டு போனதுதான். அந்த மொழியில் வழி சொல்லவோ பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லவோ இடது வலது உதவாது. 'கொஞ்சம் வடக்கே நகரு' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியானால் வீட்டுக்குள், இருட்டில், எப்போதும் வடக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரிகிறது. மெக்சிகோவில் டெனெஜாபா என்ற மலைப்பகுதியில் செல்டால் மொழி பேசுபவர்கள் தெற்கை 'மேட்டுப்பக்கம்' என்றும் வடக்கை 'பள்ளப்பக்கம்' என்றும் சொல்கிறார்கள், சமதளமான மேசை மேல் இருக்கும் பொருளுக்கும்கூட. ஒரு மேசையில் பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டி, பார்த்தவரை அப்படியே பின்பக்கம் திரும்பச் சொல்லி, அங்கே இருக்கும் இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொன்னால், டச்சுக்காரர்கள் இடது வலதைக் காப்பாற்றினார்கள், இவர்கள் பெரும்பாலும் திசையைக் காப்பாற்றினார்கள்.

மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருந்ததால் வந்த பெயர் என்று கால்டுவெல் எழுதினார். மலையாளத்தில் மலை இருக்கும் பக்கமே கிழக்கு, இருந்தும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். சொல்லில் சரிவு இருக்கிறது, சொல்பவர் மனதில் இல்லை. நாம் மேற்கு என்னும்போது மேட்டை நினைப்பதில்லை, ஏனென்றால் மொழி இப்போது அதைக் கேட்பதில்லை. கேட்டால்தான் பழகும். இதைத்தான் முதலிலிருந்து சொல்லி வருகிறேன்.

நிறங்களைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு கலுபோய், அடர் நீலத்துக்கு சீனீ, இரண்டும் தனித்தனி நிறங்கள். 2007இல் வெளியான ஒரு ஆய்வில், இரண்டு நீலங்களில் ஒன்று இந்தப் பெயரிலும் மற்றது அந்தப் பெயரிலும் விழுந்தால் ரஷ்யர்கள் வேறுபாட்டைச் சீக்கிரமாகக் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த வேகம் இல்லை. ஆனால் ரஷ்யர்களையே மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னபோது அந்தக் கூடுதல் வேகம் காணாமல் போனது. கண் அதே கண், நிறம் அதே நிறம், உள்ளே ஓடிய பேச்சை மட்டும் வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். எண் தெரியாத மொழிகளைப் பற்றிப் பேச நேரம் இல்லை, மன்னியுங்கள். வணக்கம்.